பந்தி வஞ்சனை

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன், தங்கை என்று இரண்டு பேர். அண்ணனுக்கு 22 வயசு, தங்கைக்கு 19. டி.வி. ரிமோட்டில் ஆரம்பித்து தோசைக்கு எந்தச் சட்னி என்பது வரைக்கும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை. 'ஒன் பீஸ்' என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் லேப்டாப்பை நடுவில் வைத்து, ஒரு கிண்ணம் முறுக்கோடு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் வீட்டில் தீப்பிடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் நான் போயிருந்தபோது ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கதையில் வரும் சமையல்காரனுக்கு யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைந்துபோகும் சக்தி கிடைக்கிறது. கிடைத்ததும் பையன் எங்கே போகிறான் தெரியுமா? பெண்கள் குளித்துக்கொண்டிருக்கும் குளியல் கூடத்துக்கு. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். தங்கை சிரிக்கவில்லை. முறுக்கை வாயில் வைத்தபடி சுவரைப் பார்த்தாள்.

"ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறே? காமெடிதானே!"

"காமெடிதான். உனக்கு."

"கார்ட்டூன்டீ அது. கோடு போட்ட பொம்மை. அதுக்குப் போய்..."

"நாமி அழுதப்ப நீயும்தானே அழுதே? அப்ப பொம்மைன்னு தெரியலையா?"

அண்ணனிடம் பதில் இல்லை. அவளே தொடர்ந்தாள். "கதை முழுக்க நானும் உள்ளேதான் இருக்கேன். இந்த மாதிரி சீன் வந்தா மட்டும், 'நீ கொஞ்சம் வெளியே போய் நில்லும்மா, முடிஞ்சதும் கூப்பிடறோம்'னு சொல்ற மாதிரி இருக்கு."

இத்தனைக்கும் அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த எபிசோடைப் போடச் சொன்னாள். எனக்குத்தான் அதற்கப்புறம் கதை ஓடவில்லை. அந்த ஒரு வாக்கியம் மனசுக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒரு சிரிப்பு, அது யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சம்பந்தப்பட்டது நிஜப் பெண்கூட இல்லை, பேப்பரில் வரைந்த உருவம். அப்படிப்பட்ட சிரிப்பில் தப்பு என்று ஏதாவது இருக்க முடியுமா? இந்த வாரம் அதைத்தான் நாம் யோசிக்கப்போகிறோம்.

'ஒன் பீஸ்' தெரியாதவர்களுக்காக நாலு வரி. எய்ச்சிரோ ஓடா என்ற ஜப்பானிய ஓவியர் 1997-ல் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்ற வாரப் பத்திரிகையில் ஆரம்பித்த படக்கதை இது. 1999-ல் டி.வி. தொடரானது. டி.வி.யில் 1,100 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. புத்தகமாக 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சாகியிருக்கிறது. கதை என்னவோ எளிமையானது. லூஃபி என்ற வைக்கோல் தொப்பிக்காரப் பையன் கடற்கொள்ளையர்களின் ராஜாவாக ஆசைப்பட்டுக் கப்பலேறுகிறான். வழியில் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர்தான் இந்த வாரம் நமக்கு முக்கியம். கப்பலுக்கு வழி சொல்லும் நாமி. சோறு போடும் சாஞ்ஜி.

நாமியின் கதையைக் கேளுங்கள். அவள் ஊரை ஆர்லாங் என்ற மீன்மனிதக் கொள்ளையன் பிடித்துக்கொள்கிறான். உயிரோடு இருக்க வேண்டுமானால் பெரியவர்களுக்குத் தலைக்கு ஒரு லட்சம் பெலி, குழந்தைக்கு ஐம்பதாயிரம். பெலி என்பது அந்த உலகத்துக் காசு. நாமியையும் நோஜிகோவையும் எடுத்து வளர்த்த பெல்மேரிடம் இருப்பது ஒரே ஒரு லட்சம். அதை வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இல்லை, இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றலாம். அவள் குழந்தைகளுக்காகக் கொடுத்துவிட்டு, அவர்கள் கண்ணெதிரிலேயே செத்துப்போகிறாள்.

அதற்கப்புறம் 8 வருஷம், ஊரையே விலை கொடுத்து மீட்க வேண்டும் என்று நாமி திருடித் திருடிப் பணம் சேர்க்கிறாள். அந்தப் பணமும் கடைசி நேரத்தில் பறிபோகிறது. கையில் பச்சை குத்தியிருக்கும் ஆர்லாங்கின் அடையாளத்தைத் தானே கத்தியால் குத்திக்கொண்டு அழுகிறாள். பிறகு திரும்பி, லூஃபியிடம் உதவி கேட்கிறாள். அதுவரைக்கும் யாரிடமும் கேட்டதில்லை. அவன் தன் உயிருக்கும் மேலாக நினைக்கிற வைக்கோல் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டு நடக்கிறான்.

அந்தக் காட்சியில் அழாத ரசிகர்கள் குறைவு. நம் அண்ணனும் அழுதவன்தான்.

இதே நாமியைத்தான் வேறு சில இடங்களில் கதை சட்டென்று வேறு மாதிரி பார்க்க ஆரம்பிக்கும். உடை சுருங்கும். பார்வை முகத்தை விட்டுவிட்டு வேறு எங்கேயோ போகும். சாஞ்ஜியின் கண்கள் இதய வடிவமாகும். மூக்கிலிருந்து ரத்தம் பீறிட்டு அடிக்கும். ஜப்பானியப் படக்கதைகளில் ஆம்பிளையின் ஜொள்ளைக் காட்ட ரொம்ப நாளாகப் புழங்கும் அடையாளம் அது. இந்த மாதிரி விஷயங்களுக்கு ரசிகர்கள் வைத்திருக்கிற பெயர் 'ஃபேன் சர்வீஸ்'.

'சர்வீஸ்' என்ற இங்கிலீஷ் வார்த்தையை ஜப்பான்காரர்கள் தங்கள் பாணியில் வளைத்துவிட்டார்கள். அங்கே ஒரு கடையில் 'சர்வீஸ்' என்று சொல்லி ஒரு தட்டை உங்கள் முன்னால் வைத்தால், அதற்குக் காசு கிடையாது என்று அர்த்தம். நம்ம ஊர் காய்கறிக்கடையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கிள்ளிப் போடுவார்களே, கொசுறு. கிட்டத்தட்ட அதுதான். ஃபேன் சர்வீஸ் என்றால் ரசிகருக்குக் கொடுக்கும் கொசுறு. பழைய கதாபாத்திரம் ஒன்று திடீரென்று தலைகாட்டினால் அதுவும் கொசுறுதான். ஆனால், காலப்போக்கில் அந்தச் சொல் பெரும்பாலும் ஒரே சரக்கைத்தான் குறிக்க ஆரம்பித்தது. பெண் உடம்பு.

கொசுறு நல்ல விஷயம்தானே? நானும் வாங்குகிறவன்தான். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அது எல்லாருக்கும் கிடைக்கிறதா?

இந்த விஷயத்தில் ரசிகர்கள் சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எதுவுமே முட்டாள்தனமான வாதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வாதம், அண்ணன் சொன்னது. 'வெறும் கோடுதானே! யாருக்கு என்ன நஷ்டம்?'

நியாயமாகத்தான் படுகிறது. நாமி என்று ஒருத்தி இல்லை. அவள் கூச்சப்படப் போவதில்லை, அவமானப்படப் போவதில்லை. ஆனால், தங்கை சரியான இடத்தில் கையை வைத்துவிட்டாள். இந்தக் கோடுகளைக் கோடு என்று நினைக்காதே, மனுஷி என்று நம்பு என்று நம்மைக் கெஞ்சியதே கதைதான். நாமும் நம்பினோம், நம்பியதால்தான் அழுதோம். அப்புறம் அதே கதை வந்து, இரண்டு நிமிஷத்துக்கு அவள் மனுஷி என்பதை மறந்துவிடு, சிரித்து முடித்ததும் மறுபடி ஞாபகம் வைத்துக்கொள் என்கிறது. நாமிக்கு நஷ்டம் இல்லைதான். ஆனால், அவளை நம்பினவர்களுக்கு? நஷ்டப்படுவது அந்த நம்பிக்கை. அழுவதற்கு அவள் நிஜம், சிரிப்பதற்குப் பொம்மை என்று நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஹென்றி பெர்க்ஸன் 1900-ல் சிரிப்பைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். சிரிக்க வேண்டுமென்றால் இதயம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியமான கருத்து. வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறவருக்கு இடுப்பு வலிக்குமே என்று நினைத்துவிட்டால் சிரிப்பு வராது. உண்மைதான். எல்லா நகைச்சுவைக்கும் இந்த மரமரப்பு ஊசி கொஞ்சம் வேண்டும். ஊசியே கூடாது என்றால் உலகத்தில் சிரிப்பே இருக்காது. ஆனால், ஊசி எப்போதும் ஒரே ஆளைப் பற்றித்தான் போடப்படுகிறது என்றால், அந்த இடம் நிரந்தரமாக மரத்துப்போகாதா?

இரண்டாவது வாதம். 'அது அந்தப் பத்திரிகையின் பழக்கம் சார்!'

இதுவும் உண்மை. 'ஷோனென்' என்றால் பையன். பையன்களுக்காக என்றே ஆரம்பித்த பத்திரிகை அது. விடலைப் பையன்களுக்குச் சண்டை வேண்டும், சாகசம் வேண்டும், கூடவே கொஞ்சம் கிளுகிளுப்பும் வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஆனால், அழைப்பிதழ் பையன்கள் பெயருக்குத்தான் போனது என்றாலும் கல்யாணத்துக்கு வந்தது யார் யார்? பெண்கள் வந்தார்கள். அம்மாக்கள் வந்தார்கள். 1997-ல் பையனாக இருந்தவன் இன்றைக்குத் தன் பெண் குழந்தையோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். மண்டபம் நிறைந்துவிட்ட பிறகு, 'நாங்கள் உங்களைக் கூப்பிடவில்லையே' என்று சொல்ல முடியுமா?

மூன்றாவது வாதம். 'அதுதான் தண்டனை கிடைக்குதே! நாமி அவனை வெளுத்து வாங்கறாளே!'

இதை நான் ரொம்ப யோசித்தேன். சாஞ்ஜி வழிவான், நாமி ஓங்கி ஒரு குத்து விடுவாள், தலையில் பெரிதாக ஒரு புடைப்பு எழும், எல்லாரும் சிரிப்போம். தர்மம் ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் கவனியுங்கள், அவன் எதைப் பார்த்ததற்காக அடி வாங்கினானோ அதை நமக்கும் காட்டிவிட்டுத்தான் அடி விழுகிறது. அவன் தலையில் புடைப்பு, நம் தலையில் ஒன்றும் இல்லை. பார்த்தது இரண்டு பேர், அடி வாங்கியது ஒருத்தர். சாஞ்ஜி நமக்காகவும் சேர்த்து அடி வாங்குகிறான். நாம் பார்த்ததையும் பார்த்துக்கொண்டு, மனசாட்சியையும் இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வெளியே வருகிறோம். அந்த அடி, சொல்லப்போனால், டிக்கெட் காசு.

சிக்மண்ட் ஃபிராய்ட் 1905-ல் ஜோக்குகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார். ஆபாச ஜோக்குக்கு மூன்று பேர் வேண்டும். சொல்கிறவர், யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அந்த ஆள், கேட்டுச் சிரிக்கிறவர். கடைசியில் லாபம் முழுக்க மூன்றாவது ஆளுக்குத்தான். தங்கையின் சங்கடம் இப்போது புரிகிறதா? அண்ணனுக்கு அந்த மூன்றாவது நாற்காலி தயாராக இருந்தது. அவளுக்குக் காலியாக இருந்தது இரண்டாவது நாற்காலி மட்டும்தான். அதில் உட்கார மாட்டேன் என்றால் வெளியேதான் போய் நிற்க வேண்டும்.

நான்காவது வாதம்தான் பலமானது. 'நாமியே கூச்சப்படலை சார். அவ உடம்பு, அவ இஷ்டம். அதுல வெட்கப்பட என்ன இருக்கு? உங்க காலத்து ஆளுங்களுக்குத்தான் புடவை ஒரு இன்ச் விலகினா பதறும்.'

இதைச் சொல்கிறவர்களில் பெண்களும் உண்டு. அலட்சியப்படுத்த முடியாது. கடல், வெயில், கப்பல் என்று வாழ்கிற ஒருத்தி நீச்சலுடையில் இருந்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை. உடம்பைக் கண்டு பதறுவது ஒழுக்கமும் இல்லை. நான் சொல்வது அந்தப் பதற்றம் இல்லை என்பதைக் காட்ட, 'ஒன் பீஸ்' கதையிலிருந்தே இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

ஒன்று, அலபாஸ்டா நாட்டில் சண்டை முடிந்த பிறகு. அரண்மனைக் குளியல் கூடம். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஆண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கூட்டத்தில் நாட்டு ராஜாவே இருக்கிறார்! நாமி அலறவில்லை, ஓடவில்லை. தானே துண்டை விலக்கிக் காட்டி எல்லாரையும் மூக்கில் ரத்தம் கொட்டக் கீழே விழ வைத்துவிட்டு, தலைக்கு ஒரு லட்சம் பெலி என்று பில் போடுகிறாள். அந்தத் தாக்குதலுக்கு அவள் வைத்த பெயர் 'சந்தோஷக் குத்து'.

ஒரு லட்சம் பெலி. ஞாபகம் வருகிறதா? பெல்மேரின் உயிருக்கு ஆர்லாங் வைத்த விலையும் அதேதான். ஓடா யோசித்து வைத்தாரா, கைபோன போக்கில் வைத்தாரா, நான் சொல்ல முடியாது. ஆனால், அந்தத் தொகையின் கனம் தெரிந்த ஒருத்தி அதே தொகையை ராஜா தலையில் கடனாகக் கட்டுகிறாள் என்று பார்க்கும்போது, எனக்குச் சிரிப்பு இன்னும் கூடுகிறது. இங்கே மடத்தனமாக மாட்டிக்கொண்டு முழிப்பது ஆண்கள். காட்சியின் கயிறு அவள் கையில்.

இன்னொன்று, 'த்ரில்லர் பார்க்' பகுதி. அப்சலோம் என்று ஒருவன். கண்ணுக்குத் தெரியாமல் மறைய முடிகிறவன். நாமி தனியாகக் குளிக்கும் இடத்தில் மறைந்து வந்து அவளைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறான். என்ன நடக்கிறது என்றே அவளுக்குப் புரியவில்லை, பயப்படுகிறாள். இதையும் கதை பாதிக் கிளுகிளுப்பாகத்தான் காட்டுகிறது. பின்னால் சாஞ்ஜி வந்து அப்சலோமை உதைத்துத் துவைக்கும்போது, அவன் கோபத்துக்கு ஒரு காரணம் என்ன தெரியுமா? மறைந்துபோகும் சக்தி சின்ன வயசிலிருந்து தன்னுடைய கனவாம், அதை இவன் தட்டிக்கொண்டு போய்விட்டானாம்! அதுதான் ஜோக்.

இரண்டு காட்சியிலும் குளியலறை உண்டு, எட்டிப் பார்க்கும் ஆண் உண்டு. தோல் எவ்வளவு தெரிகிறது என்று அளந்தால் முதல் காட்சிதான் 'மோசம்'. ஆனால், முதல் காட்சியில் நாமி நாமியாகவே இருக்கிறாள். காசு விஷயத்தில் கறார், பயம் கிடையாது, எந்த நிலைமையையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவாள். இரண்டாவதில் அந்த நாமியைக் காணோம். யாரோ ஒரு பெண் உடம்புதான் இருக்கிறது. அந்த இடத்தில் வேறு எந்தப் பெண்ணை வைத்தாலும் காட்சி அப்படியே ஓடும். எனக்குக் கிடைத்த உரைகல் இதுதான். சிரிப்பு முடிந்த பிறகு அந்த ஆள் அந்த ஆளாகவே மிச்சம் இருக்கிறாரா?

'அதெல்லாம் சரி, முதல் காட்சியில் மட்டும் நாமியா முடிவு பண்ணினாள்? அதுவும் ஓடாவின் பேனாதானே?' என்று நீங்கள் மடக்கலாம். மடக்க வேண்டிய கேள்விதான். கதையில் வரும் எவருக்கும் சொந்த விருப்பம் கிடையாது, அதனால் 'அவ இஷ்டம்' என்ற வாதம் பாதிக்கு மேல் நிற்காது. என் பதில் இவ்வளவுதான். பேனா ஒன்றுதான், ஆனால் அது ஒரு நேரம் அவளுக்கு இடம் கொடுக்கிறது, இன்னொரு நேரம் அவளைத் துடைத்துவிடுகிறது. அந்த வித்தியாசம் ரசிகர்களுக்குத் தெரியாமல் இல்லை. ரொம்ப நாள் கூடவே வாழ்ந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

அப்படியென்றால் கத்தரிக்கோலை எடுத்துவிடலாமா? அதையும் ஒரு முறை செய்து பார்த்தார்கள். 2004-ல் அமெரிக்காவில் 'ஃபோர் கிட்ஸ்' என்ற நிறுவனம் இந்தத் தொடரைக் குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றி ஒளிபரப்பியது. பெண்களின் மார்புக் கோட்டை அழித்தார்கள். சாஞ்ஜியின் வாயிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கிவிட்டுக் குச்சி மிட்டாயைச் செருகினார்கள். கடல் ரவுடிகளோடு சண்டை போடும் ஒருவன் குச்சி மிட்டாயோடு! ரசிகர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. பெல்மேர் சாவதையும் எடுத்துவிட்டு, அவளைச் சிறையில் அடைத்துவிட்டதாக ஆக்கினார்கள். நாமியின் கண்ணீருக்கு அர்த்தம் கொடுத்ததே அந்தச் சாவுதான். கத்தரிக்கோலுக்கு எது கொசுறு, எது சோறு என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே வெட்டும்.

வெட்டுவதில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. வெட்டிவிட்டால் அண்ணனும் தங்கையும் அந்தச் சாயங்காலம் பேசிய பேச்சு நடந்திருக்காது. தப்பு இருந்தால்தானே 'ஏன் சிரிச்சே' என்று கேட்க முடியும்?

'இந்த வழிசல் இல்லாவிட்டால் சாஞ்ஜி சாஞ்ஜியே இல்லை' என்பது ஐந்தாவது வாதம். இதற்குப் பதில் தேட நாம் அலைய வேண்டியதில்லை. 2023-ல் நெட்ஃபிளிக்ஸில் நிஜ மனிதர்கள் நடித்து 8 எபிசோடுகளாக 'ஒன் பீஸ்' வந்தது. ஓடாவே தயாரிப்பில் பங்கெடுத்துக்கொண்டார். அதில் சாஞ்ஜி பெண்களிடம் இனிக்க இனிக்கப் பேசுவான், அவ்வளவுதான். மூக்கில் ரத்தம் கிடையாது, எட்டிப் பார்ப்பது கிடையாது. ஆனாலும் பல ரசிகர்கள் அவனைச் சாஞ்ஜி என்றே ஏற்றுக்கொண்டார்கள். ஏன் என்றால், சாஞ்ஜி யார் என்பது வேறு இடத்தில் இருக்கிறது.

சாஞ்ஜி சின்னப் பையனாக இருந்தபோது கப்பல் உடைந்து, ஸெஃப் என்ற கொள்ளைக்காரக் கிழவனோடு ஒரு பாறையில் மாட்டிக்கொள்கிறான். 80 நாளுக்கு மேல் பட்டினி. கிழவன் இருந்த சாப்பாடு மொத்தத்தையும் பையனுக்குக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிடுவதாக நடித்திருக்கிறான் என்பது பையனுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. பசி என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்துகொண்டவன், வளர்ந்து சமையல்காரனாகி, பசி என்று வந்தவன் யாராக இருந்தாலும் சோறு போடுகிறான். காசில்லாத கொள்ளையனுக்குப் போடுகிறான். நாளைக்கு எதிரியாகத் திரும்பி வரப்போகிறவனுக்கும் போடுகிறான். கப்பலில் பெண்களுக்கு மட்டும் தனியாக இனிப்பு செய்து கொடுப்பான், ஆண்கள் முணுமுணுப்பார்கள், அது வேறு கதை. பசிக்கு மட்டும் அவன் ஆள் பார்ப்பதில்லை.

நம்ம பெரியவர்கள் 'பந்தி வஞ்சனை' என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களில் வேண்டியவர் இலைக்கு ஒரு கரண்டி நெய் கூட, வேண்டாதவர் இலைக்குக் குறைச்சல் என்று பரிமாறுவது. அதைப் பெரிய பாவம் என்பார்கள். வெளியே நிறுத்திச் சோறு போடாமல் அனுப்புவது கஞ்சத்தனம். உள்ளே கூப்பிட்டு, இலை போட்டு, உட்கார வைத்த பிறகு அவர் இலையை மட்டும் தாண்டிப் போவது அதைவிடக் கொடுமை. ஏனென்றால், அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பசிக்குப் பந்தி வஞ்சனை செய்யாத ஒரு சமையல்காரனைப் படைத்த கதை, சிரிப்புக்கு மட்டும் அதைச் செய்கிறது. அழுகை எல்லா இலைக்கும் விழுகிறது. வீரம் எல்லா இலைக்கும் விழுகிறது. இந்த ஒரு கரண்டி வரும்போது மட்டும் தங்கையின் இலையைத் தாண்டிப் போய்விடுகிறது. அவள் சுவரைப் பார்த்தது அதனால்தான்.

சரி, இதையெல்லாம் சொன்னால் அந்தத் தொடரை வெறுக்க வேண்டுமா? தங்கை வெறுக்கவில்லையே! அடுத்த எபிசோடைப் போடச் சொன்னவள் அவள்தான். பிடித்த ஒன்றைக் குறை சொன்னால் துரோகம் என்று நினைக்கிற ரசிகர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவில் போகிறவன் வெற்றிலை எச்சில் துப்பினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவோம். அப்பா துப்பினால்தான் 'ஏம்பா இப்படிப் பண்றே' என்று கேட்போம். கேட்பது உரிமை. உரிமை பாசத்திலிருந்து வருவது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு மட்டமான ஜோக்கைக்கூட நல்ல கதை எங்கேயாவது கொண்டுபோய் விடும். மீன்மனிதர்களின் தீவுக்குப் போகும்போது, கடல்கன்னிகளைப் பார்த்துப் பார்த்தே சாஞ்ஜி மூக்கில் ரத்தம் கொட்டிச் சாகக் கிடக்கிறான். அசட்டு ஜோக்தான். ஆனால், ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் ஜோக் நின்றுவிடுகிறது. மனிதருக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது அந்தத் தீவின் சட்டம். மனிதர்களிடம் பட்ட கொடுமையால் பிறந்த சட்டம். அந்த இனத்தின் மாவீரன் ஃபிஷர் டைகர், மனித ரத்தம் என் உடம்பில் ஏறக் கூடாது என்று மறுத்தே செத்தவன் என்பது பின்னால் தெரிகிறது. அந்தப் பகுதியின் முடிவில் ஜிம்பே என்ற மீன்மனிதன் சட்டத்தை மீறி லூஃபிக்குத் தன் ரத்தத்தைக் கொடுக்கிறான். மூக்கில் வழிந்த ரத்தம் எங்கே ஆரம்பித்து எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்! இப்படி எழுதத் தெரிந்தவரிடம்தான் நாம் கூடுதலாகக் கேட்கிறோம். எழுதத் தெரியாதவரிடம் யார் கேட்பார்கள்?

முதலில் சொன்ன அந்தக் குளியல் கூடக் காட்சிக்கும் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. சாஞ்ஜியை மறைய வைத்தது ஒரு விசேஷ உடை. அதைப் போடப் போடத் தன் உடம்பு மாறுவதை அவன் உணர்கிறான். உணர்ச்சியே இல்லாத தன் சகோதரர்கள் மாதிரி தானும் ஆகிவிடுவோமோ என்று பயம் வருகிறது. தன்னை அறியாமல் ஒரு பெண்ணை அடித்துவிட்டேனோ என்ற சந்தேகம் வேறு. எந்த நிலையிலும் பெண்ணைத் தொட்டு அடிக்க மாட்டேன் என்று வாழ்ந்தவன் அவன். கடைசியில், சின்ன வயசுக் கனவை நிறைவேற்றிக் கொடுத்த அந்த உடையைத் தானே உடைத்து எறிகிறான். 2021-ல் வந்த அத்தியாயம் அது. ஓடா இதை அந்த ஜோக்குக்கான பிராயச்சித்தமாக எழுதினார் என்று நான் சொல்லவில்லை. நான் அப்படிப் படித்துக்கொண்டேன். யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு மெள்ள மெள்ள நெஞ்சு மரத்துப்போகும் என்று. பெர்க்ஸன் சொன்ன அந்த ஊசியின் வேலை, கதைக்குள்ளேயே காட்டப்பட்டுவிட்டது.

திரைக்கு இந்தப் பக்கம், இருட்டில், யார் கண்ணுக்கும் தெரியாமல் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் வேறு யார்? நாம்தானே.

அந்த அண்ணன் தங்கை விவகாரம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அவன் இன்னும் அந்தக் காட்சியில் தப்பில்லை என்றுதான் சொல்கிறான். அவள் இன்னும் சுவரைத்தான் பார்க்கிறாள். ஆனால், போன தடவை போனபோது ஒன்றைக் கவனித்தேன். அப்படி ஒரு காட்சி வந்ததும் அவன் சிரிக்க வாயைத் திறந்தான். திறந்தவன், பக்கத்தில் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். அப்புறமும் சிரித்தான். ஆனால், திரும்பிப் பார்த்தான்.

அவ்வளவுதான் நான் உங்களிடமும் கேட்பது. சிரிக்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? நன்றாகச் சிரியுங்கள். சினிமாவோ, கார்ட்டூனோ, ஆபீஸ் கேன்டீனில் யாரோ சொல்லும் ஜோக்கோ, சிரிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் பக்கத்து இலையைத் திரும்பிப் பாருங்கள். காலியாக இருந்தால், உங்கள் இலையில் விழுந்தது எதுவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.